கையில் ஒட்டும் சர்க்கரைச் சென்சார்: தோட்டத்து வேலைக்கும் சம்பளத்துக்கும் எது ஒத்துவரும்?

முதலில் கணக்கு. மேற்கையில் ஒட்டிக்கொள்ளும் சென்சார் ஒன்று, கடைக்குக் கடை கூடக் குறைய இருந்தாலும், 250 வெள்ளியை ஒட்டி வரும். 14 அல்லது 15 நாள் ஓடும். விடாமல் ஒட்டினால் மாதம் 500 வெள்ளி. 2025 பிப்ரவரியில் மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆனது. அதில் 500 வெள்ளியைக் கையில் ஒட்டிக்கொண்டு திரிய யாரால் முடியும்? அரசாங்கக் கிளினிக் கெசிஹாத்தானில் ஒரு வெள்ளி கட்டி மாத்திரையும் இன்சுலினும் வாங்கிப் பழகிய சுங்கை சிப்புட் போன்ற ஊருக்கு, ஈப்போ தனியார் மருத்துவமனையில் சொல்லும் யோசனை அப்படியே பொருந்தாது.

தேவை என்னவோ நம் பக்கம்தான் அதிகம். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், 18 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் (நீரிழிவு) இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4 விழுக்காடு. மூன்று பேரில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம்.

என் எண்ணத்தில், மாத்திரை மட்டும் போடுகிறவர்களுக்கு வருடத்தில் மூன்று நான்கு சென்சார் போதும். எந்தப் பிராண்டு என்பதைவிட, எந்த இரண்டு வாரத்தில் ஒட்டுகிறோம், அதைக் கொண்டு எதைக் கண்டுபிடிக்கப் போகிறோம் என்பது முக்கியம். இன்சுலின் போடுகிறவர்களுக்குக் கணக்கு வேறு. அதற்குப் பின்னால் வருகிறேன்.

கருவி வேலை செய்யும் விதம் தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். சென்சாரின் அடியில் முடி போன்ற ஒரு மெல்லிய இழை இருக்கிறது. லிப்ரே என்ற வகையில் அது தோலுக்கு அடியில் 5 மில்லிமீட்டர் அளவுக்கு இறங்கும். ஒட்டும்போது குத்துகிற ஊசி வெளியே வந்துவிடும், இழை மட்டும் உள்ளே தங்கும். அது ரத்தத்தைத் தொடுவதில்லை; திசுக்களுக்கு இடையில் ஊறும் நீரில்தான் உட்கார்ந்திருக்கிறது. இழையில் பூசிய குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற நொதி சர்க்கரையோடு வினைபுரியும்போது சிறு மின்னோட்டம் பிறக்கிறது. அந்த மின்னோட்டத்தைத்தான் கருவி எண்ணாக மாற்றிக் காட்டுகிறது. ரத்தத்தில் ஏறிய சர்க்கரை அந்த நீருக்கு வந்துசேர 5 முதல் 10 நிமிடம் பிடிக்கும். சர்க்கரை ஒரே மட்டத்தில் இருக்கும்போது விரலில் குத்திப் பார்த்ததும் சென்சார் சொல்வதும் பக்கத்தில் பக்கத்தில் வரும். தே தாரிக் குடித்து அரை மணி நேரத்தில் இரண்டையும் ஒப்பிட்டால் சண்டைதான்.

கடையில் கேட்கும் பெயர்களுக்கு வருவோம். முதல் லிப்ரே 2014இல் ஐரோப்பாவில் வந்தது. 14 நாள் ஓடும், விரலில் குத்திச் சரிபார்த்துக் கொடுக்க வேண்டியதில்லை, ஒட்டி ஒரு மணி நேரத்தில் எண் வரும். ஆனால் அது தானாகப் பேசாது. கைப்பேசியையோ அதற்கென்று விற்கும் ரீடரையோ பக்கத்தில் கொண்டுபோய்க் காட்டினால்தான் சொல்லும். எட்டு மணி நேரத் தகவலைத்தான் வைத்திருக்கும். ஒன்பதாவது மணியில் காட்டினால் முதல் ஒரு மணி நேரம் அழிந்திருக்கும். பெரட்டுக்காக (காலை ஆள் கணக்கெடுப்புக்காக) விடியுமுன் எழுபவர்கள் இரவு படுக்கும்போது ஒருமுறை, எழுந்தவுடன் ஒருமுறை காட்டினால் கோடு அறுபடாது. முக்கியமான குறை, சர்க்கரை இறங்கினால் இது எழுப்பாது.

லிப்ரே 2 அந்தக் குறையைத் தீர்த்தது: எல்லையைத் தாண்டினால் புளூடூத் வழியாக அலாரம் அடிக்கும். லிப்ரே 3 நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணைக் கைப்பேசிக்கு அனுப்பிவிடும், காட்ட வேண்டியதே இல்லை. அளவும் 21 மில்லிமீட்டர்தான், நம் 50 காசைவிடச் சற்றுச் சிறியது. பெயரில் பிளஸ் என்று சேர்ந்த லிப்ரே 2, 3 இரண்டும் 15 நாள் ஓடும். டெக்ஸ்கோம் ஜி7 பத்து நாள் ஓடும், மாற்றிக்கொள்ள மேலும் 12 மணி நேரம் அவகாசம் தரும், அரை மணியில் தயாராகும், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அனுப்பும். அதற்கு முந்திய ஜி6இல் மூன்று மாதம் ஓடும் டிரான்ஸ்மிட்டர் தனியாக வாங்க வேண்டும், தயாராக இரண்டு மணி நேரம். சீனாவின் சைனோகேர் ஐகேன் ஐ3 பதினைந்து நாள் ஓடும், மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை அனுப்பும். மெட்ரோனிக் கார்டியன் வகை பெரும்பாலும் இன்சுலின் பம்ப் வைத்திருப்பவர்களுக்கு. ஊர்க் கடையில் அதைத் தேட வேண்டாம்.

துல்லியத்தை மார்ட் என்ற ஓர் எண்ணால் சொல்வார்கள். ஆய்வகத்து ரத்த அளவிலிருந்து சென்சார் சராசரியாக எத்தனை விழுக்காடு விலகுகிறது என்பதுதான் அது. பழைய லிப்ரேக்கு 11.4, லிப்ரே 2க்கு 9 சொச்சம், லிப்ரே 3, ஜி7 இரண்டுக்கும் 8 பக்கம். விற்பவர்கள் இதைத்தான் முதலில் நீட்டுவார்கள். ஒவ்வொரு நிறுவனமும் தன் ஆய்வைத் தன் முறையில் செய்திருக்கிறது, 8.2க்கும் 8.7க்கும் உள்ள வித்தியாசத்துக்காக ஒரு காசு கூடக் கொடுக்க வேண்டாம். சர்க்கரை (இங்கே வழங்கும் மில்லிமோல் அலகில்) 10.0 இருக்கும்போது 9 என்றோ 11 என்றோ காட்டினால் மருந்து மாறப்போவதில்லை. 3.2 இருக்கும்போது அலாரம் அடிக்காமல் விட்டால்தான் ஆபத்து.

ஆகவே தேர்வு இப்படிப் பிரிகிறது. மெட்ஃபோர்மின் மட்டும் போடுகிறவருக்குச் சர்க்கரை ஆபத்தாக இறங்குவது அரிது. அலாரம் இல்லாத பழைய லிப்ரே மலிவாகக் கிடைத்தால் அதுவே போதும். கிளிக்லசைட் (சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்கிவிடக்கூடிய மாத்திரை) போடுகிறவர்கள், 30/70 கலவை இன்சுலினைக் காலையும் மாலையும் போடுகிறவர்கள், முன்பு ஒருமுறையாவது இரவில் வேர்த்து மயங்கியவர்கள், அலாரம் இல்லாததை வாங்கவே கூடாது. கலவை இன்சுலினில் 70 பங்கு மெதுவாக வேலை செய்யும் வகை. போட்ட 4 முதல் 12 மணி நேரத்துக்குள் அதன் உச்சம் வரும். மாலை ஏழு மணிக்குப் போட்டால் நடுநிசியைத் தாண்டி, வீடே உறங்கும்போது சர்க்கரையை இறக்கும். முதல் வகை நீரிழிவு உள்ள பிள்ளைகளுக்கு, பெற்றோரின் கைப்பேசிக்கும் எண் போய்ச்சேரும் லிப்ரே 3 அல்லது டெக்ஸ்கோம் வகை. அவர்களுக்கு மட்டும் இதை அவ்வப்போது மட்டும் ஒட்டும் பொருளாக நினைக்காதீர்கள். வேறு எதிலாவது சிக்கனம் பிடியுங்கள்.

வாங்குமுன் கைப்பேசியைப் பாருங்கள். பழைய லிப்ரேயைப் படிக்க என்எஃப்சி (பக்கத்தில் காட்டினால் படிக்கும் வசதி) வேண்டும். மலிவான ஆண்ட்ராய்டு பலவற்றில் அது கிடையாது. இல்லையென்றால் ரீடர் தனிச் செலவு. ரீடரும் கைப்பேசியும் இரண்டும் வேண்டுமென்றால் ரீடரில் முதலில் தொடங்கி, அந்த முதல் ஒரு மணி நேரத்துக்குள் கைப்பேசியிலும் காட்டிவிட வேண்டும். கைப்பேசியில் தொடங்கிவிட்டால் ரீடர் அந்தச் சென்சாரைச் சேர்த்துக்கொள்ளாது. புளூடூத் வகைகளில் வேறொரு தொல்லை: சில ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் பேட்டரியை மிச்சப்படுத்துகிறேன் என்று பின்னால் ஓடும் செயலிகளைக் கொன்றுவிடும், அலாரமும் சேர்ந்து சாகும். அமைப்புகளுக்குள் போய் அந்தச் செயலிக்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்கிவிடுங்கள். ஒலியில்லா நிலையில் வைத்தாலும் அலாரம் கேட்கிறதா என்று ஒட்டிய அன்றே சோதித்துப் பாருங்கள்.

இந்தியாவிலிருந்து உறவினர் வாங்கிவரும் சென்சாரில் இரண்டு பொறிகள். அங்கே லிப்ரே புரோ என்று ஒன்று உண்டு. அது மருத்துவரின் ரீடரில் மட்டும் படிக்கக்கூடியது. 14 நாளும் நமக்கு ஒன்றும் தெரியாது. சாதாரண லிப்ரேயாக இருந்தாலும், நாடு மாறினால் செயலி அதை ஏற்காமல் போகலாம். அலகும் வேறு. அங்கே மில்லிகிராமில் 126 என்பது இங்கே 7.0. பதினெட்டால் வகுக்க வேண்டும். இணையக் கடையில் வாங்கினால், பெட்டியில் மலேசிய மருத்துவக் கருவி ஆணையத்தின் பதிவு எண் இருக்கிறதா, காலாவதித் தேதி எத்தனை மாதம் தள்ளி, விற்பவர் பழுதான சென்சாருக்கு மாற்று தருவாரா என்று கேட்டுவிட்டுப் பணம் போடுங்கள். பெட்டியில் அச்சிட்ட வெப்ப எல்லையையும் பாருங்கள். ஜி7க்கு அதிகபட்சம் 30 டிகிரி. மதிய வெயிலில் பூட்டிய காரிலும் மோட்டார் சைக்கிள் பெட்டியிலும் அதைவிட எவ்வளவோ ஏறும்.

ஊசியே குத்தாமல் சர்க்கரை காட்டும் கைக்கடிகாரம் 80 வெள்ளிக்கு வருகிறதே என்று கேட்பவர்கள் உண்டு. தோலைத் துளைக்காமல் தானாக அளக்கும் கடிகாரமோ மோதிரமோ எதற்கும் தாங்கள் அனுமதி தரவில்லை என்று அமெரிக்காவின் எஃப்டிஏ 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. அதில் வரும் எண்ணை நம்பி இன்சுலின் போட்டால் உயிரோடு விளையாட்டு.

ஒட்டுவது சாதாரண வேலைதான், ஆனால் செம்பனைத் தோட்டத்தில் சென்சார் வீணாவது பெரும்பாலும் இங்கேதான். இடம் மேற்கையின் பின்புறச் சதை. குலை வெட்டுபவர் கம்பைத் தூக்கும்போது எந்தத் தோள் உரசுகிறது, எந்தப் பக்கம் மட்டை விழுகிறது, தள்ளுவண்டியில் குலை ஏற்றும்போது எந்தக் கை முன்னால் போகிறது என்று செய்து பார்த்து, மற்றக் கையில் ஒட்ட வேண்டும். எந்தப் பக்கமாகப் படுத்துத் தூங்குவீர்கள் என்பதும் கணக்கில் வரும், காரணம் கீழே. இன்சுலின் போடும் இடத்துக்கு லிப்ரே 2.5 சென்டிமீட்டராவது தள்ளி இருக்க வேண்டும், டெக்ஸ்கோமுக்கு 7.5.

ஒட்டுவதை மாலையில் குளித்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள், காலையில் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் வேண்டாம். அன்றைக்குத் தேங்காய் எண்ணெயும் பவுடரும் கைக்குக் கிடையாது. வாசனையில்லாத சவர்க்காரத்தால் கழுவி, துடைத்து, முடி அடர்த்தியாக இருந்தால் மழித்து, ஆல்கஹால் துணியால் துடையுங்கள். அது முழுக்கக் காய வேண்டும். ஒரு நிமிடம் விசிறியடியில் நிற்கலாம். ஈரத்தில் ஒட்டிய பசை மூன்றாம் நாள் ஓரம் தூக்கும். லிப்ரே 2 போன்றவற்றில் பெட்டிக்குள் இரண்டு பாகம் இருக்கும், இரண்டிலும் ஒரே குறியீட்டு எண்தானா என்று பார்த்து, கோடும் கோடும் சேர வைத்து அழுத்த வேண்டும். கையைத் தளர்த்தி, ஒரே அழுத்தாக அழுத்தி, மெதுவாக எடுங்கள். பிறகு சுற்றிலும் ஓரத்தை விரலால் தேய்த்துவிடுங்கள். துளி ரத்தம் வந்தால் பயமில்லை. நடுத் துளையிலிருந்து வழிந்துகொண்டே இருந்தால் அந்தச் சென்சார் பெரும்பாலும் உருப்படாது. படம் எடுத்து வைத்துக்கொண்டு விற்றவரைக் கூப்பிடுங்கள்.

மேலே ஒட்டும் வட்டப் பிளாஸ்டரோ விளையாட்டு வீரர்கள் ஒட்டும் துணி டேப்போ வாங்கினால், லிப்ரேயின் நடுவில் உள்ள சிறு துளைக்கு நேராக ஓட்டை வெட்டிவிட்டு ஒட்டுங்கள், அதை மூடக் கூடாது. டேப்பின் மூலைகளை வட்டமாகக் கத்தரித்தால் சட்டையில் மாட்டி உரியாது. குளிக்கலாம், மழையில் நனையலாம். லிப்ரே ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும், ஜி7 2.4 மீட்டரில் 24 மணி நேரம். வேர்வைதான் தண்ணீரைவிடப் பெரிய எதிரி, அது பசைக்கு அடியிலிருந்து வருகிறது. ஓரம் தூக்கியதும் பிய்த்துப் பார்க்காமல், தூக்கிய பகுதியைக் கத்தரித்துவிட்டு மேலே டேப் போடுங்கள்.

முதல் 24 மணி நேர எண்களை நம்பி எதுவும் செய்யாதீர்கள். குத்திய காயத்தைச் சுற்றி உடல் எதிர்வினை காட்டும் நேரம் அது. பெரும்பாலும் குறைத்துக் காட்டும். லிப்ரேயை மாலையில் ஒட்டிவிட்டு மறுநாள்தான் தொடங்குகிறவர்கள் உண்டு. 14 நாள் தொடங்கிய நிமிடத்திலிருந்துதான் ஓடும் என்பதால் நாளும் வீணாகாது. நிறுவனம் சொன்ன முறையல்ல, ஆனாலும் புத்திசாலித்தனம்.

பொய் எண்களில் மூன்று வகையை நம் ஊரில் அடிக்கடி பார்க்கலாம். முதலாவது, நடுநிசி அலாரம். சென்சார் உள்ள கையின்மேல் படுத்தால் அந்த இடத்தில் நீரோட்டம் நசுங்கி, எண் 3க்குக் கீழே விழும். வரைகோட்டில் இதைக் கண்டுபிடிக்கலாம்: கிணற்றில் கல் போட்டதுபோல் செங்குத்தாக விழுந்து, புரண்டு படுத்ததும் அதே வேகத்தில் ஏறியிருக்கும். இன்சுலினால் இறங்கினால் ஒரு மணி, இரண்டு மணி நேரம் சரிந்து சரிந்து வரும். தூக்கத்தில் இதை ஆராய வேண்டாம். விரலில் குத்திப் பாருங்கள். ஸ்ட்ரிப் கையில் இல்லாவிட்டால் உண்மை என்றே எடுத்துக்கொண்டு சர்க்கரை குடியுங்கள். சென்சார் வாங்கியாயிற்று என்று குளுக்கோமீட்டரைத் தூக்கிப் போடாதீர்கள் என்று சொல்வது இதற்காகத்தான்.

இரண்டாவது, வைட்டமின் சி. தண்ணீரில் போட்டால் பொங்கும் 1,000 மில்லிகிராம் மாத்திரை பார்மசியில் வாசலிலேயே அடுக்கியிருக்கும். லிப்ரேயின் இழை அதையும் சர்க்கரையாக எண்ணிவிடும். லிப்ரே 2க்கு நாளொன்றுக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் கூடாது. உண்மையில் 3.5 இருக்கும்போது 5 சொச்சம் காட்டிக்கொண்டிருக்கும் என்பதுதான் இதில் பயம். மெட்ரோனிக் கார்டியனுக்கு இதே தொல்லை பாரசிட்டமோலால் வரும். பனடோல் போட்டால் எண் பொய்யாக ஏறும். டெக்ஸ்கோம் ஜி6, ஜி7 இரண்டும் ஆறு மணி நேரத்துக்கு ஒரு கிராம் வரை தாங்கும்.

மூன்றாவது பொய் சென்சாருடையதல்ல, விரலுடையது. டுரியானோ ரம்புத்தானோ உரித்த கையைக் கழுவாமல் குத்திப் பார்த்துவிட்டு, 15 காட்டுகிறது, சென்சார் 8 என்கிறது, சென்சார் பழுது என்பார்கள். விரலைச் சவர்க்காரம் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு மறுபடி குத்துங்கள்.

இறங்கிவிட்டால், அதாவது 3.9க்குக் கீழே போனால், 15 கிராம் சர்க்கரை: மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து 15 நிமிடம் பொறுக்க வேண்டும். மைலோ வேண்டாம், அதிலுள்ள பாலும் கொழுப்பும் சீனி ஏறுவதைத் தாமதப்படுத்தும். பதினைந்து நிமிடம் கழித்தும் சென்சார் 3.4 என்றே காட்டலாம். ரத்தத்தில் ஏறியிருக்கும், சென்சாருக்கு இன்னும் செய்தி போயிருக்காது. அந்த நேரத்தில் பதறிப்போய் ரொட்டியும் மைலோவும் வாழைப்பழமும் சாப்பிட்டு விடியும்போது 17இல் எழுவதுதான் வழக்கமான கதை. இந்தப் பதினைந்தாவது நிமிடத்தில் விரல் எண்ணையே நம்புங்கள்.

இனி எந்த இரண்டு வாரம் என்பது. கிளினிக் தவணைக்கு மூன்று வாரம் முன்பு தொடங்கினால், அறிக்கை கைக்கு வர நேரம் இருக்கும். அந்த 14 நாளில் வேலை நாளும் இருக்க வேண்டும், ஓய்வு நாளும் இருக்க வேண்டும். மழைக் காலமாக இருந்தால் இன்னும் நல்லது. காலையில் மழை பிடித்து வேலை நின்றுபோன நாளின் கோடும், வெயிலில் மதியம் வரை குலை வெட்டிய நாளின் கோடும் ஒரே மனிதருடையவை என்று நம்ப முடியாது. இன்சுலின் அளவோ இரண்டு நாளும் ஒன்றே. விரலில் வாரம் இருமுறை குத்திப் பார்த்தால் இந்த வித்தியாசம் ஆயுளுக்கும் அகப்படாது. மருத்துவரும் சராசரிக்குத்தான் மருந்து எழுதுவார். தைப்பூசத்துக்கு விரதம் இருந்து ஈப்போவின் குனோங் சீரோ கோயிலுக்குக் காவடியோ பாற்குடமோ எடுப்பவர்கள், விரதம் தொடங்கும் வாரத்தில் ஒன்றை ஒட்டுவது நல்ல செலவு. ஒருவேளைச் சாப்பாட்டோடு கிளிக்லசைட்டை வழக்கம்போல விழுங்கினால் என்ன ஆகும் என்பது தெரிந்துவிடும். அதற்கு முன்பே மருத்துவரிடம் விரத நாளுக்கான அளவைக் கேட்டுவிடுவது அதைவிட நல்லது.

சாப்பாட்டைச் சோதிக்கும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். திங்கட்கிழமை பசியாற ரொட்டி சானாய் இரண்டும் தே தாரிக்கும். செவ்வாய்க்கிழமை அதே ரொட்டி இரண்டு, தே ஓ கொசோங் (பாலும் சீனியும் இல்லாத தேநீர்). சாப்பிடுமுன் எவ்வளவு, உச்சம் எவ்வளவு, இரண்டு மணி நேரத்தில் எவ்வளவு என்று மூன்று எண்ணைக் குறியுங்கள். பிறகு தோசை, மீகூன், நாசி லெமாக். இன்னொரு நாள் இரவுச் சோற்றுக்குப் பிறகு கால் மணி நேரம் நடந்துவிட்டு வந்து கோட்டைப் பாருங்கள். அரை மணிக்கொருமுறை கைப்பேசியைப் பார்த்துப் பதறுவது மட்டும் வேண்டாம். சாப்பிட்டால் ஏறத்தான் செய்யும்.

முடிந்ததும் செயலியில் ஏஜிபி என்ற அறிக்கை கிடைக்கும். 14 நாளையும் ஒரே நாளாக மடித்துக் காட்டும் படம் அது. 70 விழுக்காட்டு நேரமாவது, அதாவது ஏறக்குறைய பத்து நாள், தகவல் இருந்தால்தான் அதற்கு மதிப்பு. 3.9 முதல் 10.0 வரையிலான எல்லைக்குள் இருந்த நேரம் 70 விழுக்காட்டுக்கு மேல் இருப்பது பொதுவான இலக்கு, 3.9க்குக் கீழே 4 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. வயதானவர்களுக்கும் அடிக்கடி மயங்குகிறவர்களுக்கும் எல்லைக்குள் 50 விழுக்காடு போதும், ஆனால் கீழே இறங்குவது 1 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். சராசரி 8.6 என்றால் எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 7 விழுக்காட்டுக்கு அருகில் வரும். ரத்தச் சோகை, தலசீமியா, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு எச்பிஏ1சி தப்பாகக் காட்டும். ஆய்வகத்து எண்ணும் அறிக்கையின் எண்ணும் ஒரேயடியாக விலகினால் அதையே மருத்துவரிடம் கேள்வியாகக் கேளுங்கள்.

இன்சுலின் அளவை நீங்களே மாற்றாதீர்கள். கிளினிக்கில் வரிசை நீளம், மருத்துவருக்குக் கிடைப்பது ஐந்து நிமிடம். கைப்பேசியை நீட்டி விரலால் தள்ளிக்காட்டினால் அந்த ஐந்தும் போய்விடும். அறிக்கையின் முதல் பக்கத்தை மட்டும் ஸ்டேஷனரிக் கடையில் அச்செடுத்து, அதன் பின்புறத்தில் பேனாவால் எழுதுங்கள்: மருந்து பெயர், அளவு, போடும் மணி, வேலைக்குப் போன தேதிகளும் மழையால் நின்ற தேதிகளும், இரவில் 3.9க்குக் கீழே போன தேதிகள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் விரலில் பார்த்த எண்.